ஒரு தொட்டிக்கு மட்டும் மருந்து

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் பம்பாயில் எதற்கெல்லாம் தட்டுப்பாடு என்று யாராவது பட்டியல் போட்டால், சர்க்கரை, மண்ணெண்ணெய் இவற்றோடு பி.எஸ்ஸி. படித்த ஆண்பிள்ளைகளையும் சேர்த்திருக்க வேண்டும். செம்பூருக்கு அப்பால் குன்றடியில் இருந்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது அதனால்தான். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். 'சயன்ஸ் பட்டதாரி தேவை' என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஆணா பெண்ணா என்று போட மறந்துவிட்டார்கள். நான் அந்த மறதியைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் அனுப்பினேன்.

வேலை பெயிண்டில் இல்லை, தண்ணீரில். தொழிற்சாலையை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. நூறு வீடு இருக்கும். நகரத்துக் குழாய் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. குன்றுக்குக் கீழே இருந்த ஏரித் தண்ணீரை இரண்டு பெரிய மணல் தொட்டிகளில் விட்டு, மணல் வழியாக மெல்ல மெல்ல வடியவைத்து, அதைத்தான் வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்தத் தண்ணீர் நல்லபடியாக இருக்கிறதா என்று தினம் சோதித்து நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஃபாக்டரியிலே ஜலத்தைப் பாத்துண்டு நிக்கறதுக்கா உன்னை கெமிஸ்ட்ரி படிக்க வெச்சது?"

அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஜலத்தை யாராவது பாத்துண்டுதானே இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் விவாதம். எங்கள் வீட்டில் அப்பா இரண்டாவது வாக்கியம் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

நேர்முகத் தேர்வு எடுத்தவர் தொழிற்சாலை மானேஜர், வயதான பார்ஸி. கருப்புத் தொப்பி, வெள்ளைக் கால்சட்டை. என் சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வைத்திருந்தார். ஒன்று பளிங்குபோல் இருந்தது. மற்றொன்றில் லேசாக டீ நிறம் தட்டியது.

"தாகமாக இருந்தால் இதில் எதைக் குடிப்பாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே தாகம். பளிங்குத் தம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் மேஜைக்கு மேலே பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அது கக்கூஸ் வரிசைக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றுத் தண்ணீராம். டீ நிறத்தில் இருந்ததுதான் மணல் தொட்டித் தண்ணீர். ஏரியில் இலைகள் ஊறுவதால் வரும் நிறம் அது. உடம்பை ஒன்றும் செய்யாது.

"தப்பாகச் சொன்னாய்" என்றார். "ஆனால் நீ சொன்னதை நீயே குடிக்கத் துணிந்தாய். முந்தி வந்த மூன்று பேரும் சரியாகச் சொன்னார்கள், ஒருவரும் குடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்துவிடு, திக்ரீ."

திக்ரீ என்றால் குஜராத்தியில் மகள். அப்போது எனக்கு அது தெரியாது. டிகிரியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, சர்டிபிகேட்டை மறுபடி எடுத்து நீட்டினேன்.

மாட்டுங்காவில் ஏறி குர்லாவில் இறங்கி, அங்கே செம்பூர் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். செம்பூர் வண்டி தன் இஷ்டத்துக்கு வரும். பெண்கள் பெட்டியில் சயானில் ஏறும் ஐந்து பேர் கொண்ட கோஷ்டி ஒன்று முதல் நாளே என் கண்ணில் பட்டது. தாராவிப் பெண்கள், திருநெல்வேலிப் பேச்சு. சும்மாட்டுத் துணியை இடுப்பில் செருகியிருந்தார்கள். குர்லாவில் என்னோடு இறங்கினார்கள், செம்பூரிலும் இறங்கினார்கள், நான் நடந்த அதே மண் ரோட்டில் பட்டாள லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி எனக்கு முன்னால் நடந்தார்கள், கடைசியில் நான் போன அதே கேட்டுக்குள் நுழைந்தார்கள். மணல் தொட்டியைச் சுரண்டிக் கழுவுகிறவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்குத் தலைவியாக இருந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவள் கணவர் தாராவியில் தோல் கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தார். வீட்டில் தோல் நாற்றம், இங்கே பாசி நாற்றம், இரண்டுக்கும் நடுவில் ரயிலில்தான் மூச்சு விடுகிறேன் என்று சொல்லிச் சிரிப்பாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். கையில் எப்போதும் சோதனைப் பாட்டில் வைத்திருந்ததால் அவள் எனக்குப் பாட்டிலம்மா என்று பேர் வைத்தாள். இரண்டே நாளில் குடியிருப்பு முழுவதும் அப்படித்தான் கூப்பிட்டது.

முதல் நாள் ஒரு தொட்டியில் தண்ணீரை இறக்கிவிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டி பெரிய கல்யாணக் கூடம் அளவு. உள்ளே இடுப்பு உயரத்துக்கு மணல், அதற்குக் கீழே கூழாங்கல். மணலின் மேலே பச்சையும் பழுப்புமாக வழவழவென்று ஒரு படலம். நான் செருப்புக் காலோடு அதில் இறங்கப் போனேன்.

"அங்கனயே நில்லுங்கம்மா. எறங்காதிய."

நின்றேன்.

"பலகை போட்டுருக்குல்லா, அதுமேல வாங்க. செருப்பக் கழத்திட்டு. ஆடையில ஒரு குழி விழுந்துச்சுன்னா தண்ணி பூரா அந்தக் குழி வழியாவே ஓடிப்போவும். அழுக்கும் கூடவே போவும்."

பாலில் படியும் ஆடையைப்போல மணலில் படிவதால் அதற்கு அவர்கள் வைத்த பேர் ஆடை. எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன நோட்டில் அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் அந்தப் படலத்தில் வாழ்கின்றன. ஏரித் தண்ணீரில் வரும் கிருமிகளை அவைதான் பிடித்துத் தின்றுவிடுகின்றன. மணல் அவற்றுக்கு வீடு, அவ்வளவுதான். ஆடை தடித்துத் தண்ணீர் இறங்குவது மந்தமானால் மேலாக அரை அங்குலம் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய பிறகு புது ஆடை பிடிக்கும்வரை சில நாள் அந்தத் தொட்டித் தண்ணீரை வீடுகளுக்கு விடாமல் கழிவு வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் காலால் தெரிந்துவைத்திருந்தாள்.

முதல் ஆறு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அப்போதைய விதி எளிமையானது. மாதம் ஒரு முறை பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கிருமிகளை எண்ணிப் பதில் எழுதுவார்கள். எங்கள் தண்ணீருக்கு எப்போதும் நல்ல பதில்தான் வந்தது. நான் அதைக் கொஞ்சம் என் சாதனையாகவே எண்ண ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் புது உத்தரவு வந்தது. யுத்தத்தால் ஊரில் ஜனம் பெருகிவிட்டது, எங்கே பார்த்தாலும் பட்டாள முகாம், காலரா வந்தால் தாங்காது என்று மேலே இருப்பவர்களுக்குப் பயம். நியாயமான பயம்தான். இனிமேல் எப்படி வடிகட்டிய தண்ணீராக இருந்தாலும் அதில் பிளீச்சிங் பவுடர் சேர்த்தே ஆக வேண்டும். வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் ஒரு மருந்தை ரெண்டு சொட்டு விட்டால் அது மஞ்சளாக மாற வேண்டும். மாறினால் பவுடரின் வீரியம் குழாய்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் தண்ணீர் விநியோகத்தை மூடிவிடுவார்கள்.

உத்தரவைக் கொண்டுவந்தவர் மராத்திக்கார இன்ஸ்பெக்டர். ஒல்லியாக, மிக மரியாதையாகப் பேசுகிறவர். "நமஸ்கார், பாயீ" என்று ஆரம்பித்தார். அவர் போன பிறகு அக்கா, "உங்களையப் போயி பாயிங்காரு? தாடி மீசையக் காணோமே" என்று என் மோவாயைப் பார்த்தாள். மராத்தியில் அம்மா என்பதற்கு அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். அவளுக்கு அது முன்பே தெரியும். பத்து வருஷமாகப் பம்பாயில் இருக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் விளக்குவதைக் கேட்பதற்காகத்தான் கேட்டாள்.

உத்தரவில் ஒரு வரி இருந்தது: நிலையத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் மருந்து சேர்க்கப்பட வேண்டும். எங்கள் நிலையத்தில் தண்ணீர் நுழைவது ஏரியிலிருந்து வரும் சிமெண்ட் வாய்க்கால். வாய்க்காலின் கடைசியில் இரண்டு பலகைக் கதவுகள், தொட்டிக்கு ஒன்றாக. நான் வாய்க்காலின் மேல் ஒரு பீப்பாயை ஏற்றி, பவுடர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தேன். என் கெமிஸ்ட்ரிக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். கணக்குப் போட்டு, அளந்து, கலக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு நானே ஊற்றினேன்.

அக்கா சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"இது ஆடைக்கு ஆவுமாம்மா? கக்கூசுல போடுத பவுடருல்லா இது?"

"கிருமியைக் கொல்றதுக்குத்தான் அக்கா."

"அதத்தான் கேக்கேன். ஆடையும் உயிருதானன்னு நீங்கதான சொன்னிய."

நான் உத்தரவைக் காட்டினேன். இதோ பாருங்கள், நுழையும் இடத்தில் என்று போட்டிருக்கிறது. அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவள் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்று போய்விட்டாள்.

மறுநாள் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். மஞ்சள் இல்லை. ஆடையில் இருந்த பாசியும் உயிர்களும் பவுடரின் வீரியத்தையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தன. மஞ்சள் எப்படி வரும்? நான் அப்படி யோசிக்கவில்லை. பவுடர் போதவில்லை என்று நினைத்து இரண்டு பங்காக்கினேன். அதற்கும் மறுநாள் மூன்று பங்கு.

ஐந்தாம் நாள் காலை வாய்க்கால் ஓரத்தில் நத்தைகள் செத்துக் கிடந்தன. முதல் தொட்டியில் ஆடை மணலைவிட்டுப் பிய்ந்து, பழுப்புத் துண்டு துண்டாக மேலே மிதந்தது. குடியிருப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். தண்ணீர் நாறுகிறது. பவுடர் நாற்றம் அல்ல, செத்த குளத்து நாற்றம். காப்பி போட்டால் காப்பி நாறுகிறது, பருப்பு வேகவைத்தால் பருப்பு நாறுகிறது. ஒரு மலையாளக்கார அம்மாள் சொம்பில் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "நீங்க குடிச்சுக் காட்டுங்கோ" என்றார்.

நான் குடிக்கவில்லை. அத்தனை வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

ஓட்டமாகத் தொட்டிக்குப் போனேன். முதல் தொட்டியின் வெளிக் குழாயைத் திருகி மூடினேன். இரண்டாவதையும் மூடிவிட்டால் குடியிருப்புக்குச் சொட்டுத் தண்ணீர் இருக்காது. மூடாவிட்டால் விஷம் கொடுக்கிற மாதிரி. வால்வு சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அத மூடாதிய" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "அது நல்லாத்தான் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். இரண்டாவது தொட்டியில் தண்ணீர் தெளிவாக நின்றது. அடியில் ஆடை எப்போதும்போலப் பச்சையாக, மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஒரு நத்தை நிதானமாக அதில் ஊர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்னைக் கையைப் பிடித்து வாய்க்காலின் கடைசிக்கு அழைத்துப்போனாள். இரண்டாவது தொட்டிக்கான பலகைக் கதவு இறக்கியிருந்தது. இடுக்கெல்லாம் களிமண் வைத்துப் பூசியிருந்தது. ஏரியிலிருந்து நேராக வரும் ஒரு பழைய குழாய் உண்டு. வாய்க்காலைக் கழுவுகிற நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள். அந்தக் குழாய் திறந்து, இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் அதன் வழியாகவே விழுந்துகொண்டிருந்தது. மருந்து அந்தத் தொட்டியைத் தொடவே இல்லை.

"எப்போ பண்ணினீங்க?"

"நீங்க பீப்பாய ஏத்துன அன்னைக்கே."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேன்லா. நீங்க காயிதத்தப் பாத்துக்கிட்டு இருந்திய." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "உங்க மருந்து சரியா இருந்தா ரெண்டுக்கும் போட்டுக்கிடலாம். கெட்டுச்சுன்னா ஒண்ணோட போவட்டும்னுதான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டு உடைக்கக்கூடாதுல்லா" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் தொட்டியில் என்னைக் கேட்காமல் கை வைத்திருக்கிறாள். கோபம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம் வாய்க்கால் திட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மாட்டுத் துணியைக் கொடுத்தாள். அதில் பாசி நாற்றம் அடித்தது. அழுகை நின்றுவிட்டது.

அன்று பகல் முழுவதும் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். தேக்கிவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஒரு வாரத்துக்குக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நான் ஆங்கிலத்திலும் ஓட்டை ஹிந்தியிலும் சொன்னேன். விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆலாய்ப் பறக்கிற காலம் அது. திட்டு வாங்கினேன். அக்கா அதையே தமிழிலும் பம்பாய் ஹிந்தியிலும் சொன்னாள். அவளை ஒருவரும் திட்டவில்லை. ஒரு வீட்டில் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு என்றார்கள். அக்கா அவன் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டாள். முந்தின நாள் குன்றுமேல் ஏறிக் கூடை நிறையப் பச்சை மாங்காய் தின்றிருக்கிறான். மறுநாள் சரியாகிவிட்டது. ஆனாலும் பத்து நாளைக்கு நான் தினம் காலையில் ஒவ்வொரு வாசலிலும் நின்று எல்லார் வயிற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

மானேஜரிடம் சொல்ல வேண்டுமே. ஒரு அறிக்கை எழுதினேன். அதில், இரண்டாவது தொட்டி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியே வைக்கப்பட்டிருந்தது என்று ஒரு வாக்கியம். பொய் இல்லை. யார் வைத்தது என்று மட்டும் அதில் இல்லை. மானேஜர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு செய்திருக்கிறாய். ஆனால் ஒரு தொட்டியைத் தனியே வைத்தாயே, அது விஞ்ஞானியின் மூளை."

நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியில் இறங்கி, பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த இடம்வரை நடந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம். திரும்பி ஏறினேன்.

"சார், அந்த மூளை என்னுடையது இல்லை" என்றேன்.

அவர் முழுக் கதையையும் கேட்டார். நடுவில் இரண்டு முறை சிரித்தார். பிறகு அக்காவை அழைத்துவரச் சொன்னார். அவள் ஈரக் காலோடு வந்து கதவருகே நின்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மணல் கழுவுத எடத்துல மழைக்கும் வெயிலுக்கும் ஒரு தகரக் கூரை போட்டுத் தரச் சொல்லுங்க. கேட்டுக் கேட்டு நாலு வருசமாச்சு."

கூரை அந்த வாரமே வந்தது. யுத்த காலத்தில் தகரத்துக்கு எங்கே போனாரோ, நான் கேட்கவில்லை.

ஆனால் உத்தரவு அப்படியே இருந்தது. மருந்து கலக்காவிட்டால் மூடிவிடுவார்கள். கலக்கினால் ஆடை செத்துவிடும். இதற்கு விடை எனக்கு மறுநாளே தெரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அவ்வளவு எளிமை. ஆடை தன் வேலையை முடித்து, தண்ணீர் மணலைவிட்டு வெளியே வந்த பிறகு மருந்தைச் சேர்த்தால் ஆடைக்கு ஒன்றும் ஆகாது. தெளிந்த தண்ணீரில் வீரியத்தைக் குடிக்கவும் எதுவும் இல்லை. துளி பவுடரே போதும். இரண்டு தொட்டியின் தண்ணீரும் சேரும் தெளிநீர்க் கிணற்றில் போட்டுப் பார்த்தேன். குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டேன். அழகான எலுமிச்சை மஞ்சள். நான் சந்தோஷத்தில் அந்தச் சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, இதக் குடிக்கச் சொல்லிராதிய" என்றாள்.

ஒரே சிக்கல், உத்தரவில் நுழையும் இடம் என்று இருந்தது. நாங்கள் வெளியேறும் இடத்தில் போட்டுக்கொண்டிருந்தோம். இன்ஸ்பெக்டருக்கு நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். நாலாம் நாள் வந்தார். செத்த ஆடையை வாரிக் குவித்திருந்த இடத்தைப் பார்த்து மூக்கைப் பொத்தினார். நல்ல தொட்டியைப் பார்த்தார். குழாயில் அவரே பிடித்து, அவரே சொட்டு விட்டு, மஞ்சளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் பையிலிருந்து உத்தரவை எடுத்துப் படித்தார். மலர்ச்சி போய்விட்டது.

"பாயீ, நீங்கள் சொல்வது சரி. ஆனால் இது எழுத்தில் இருக்கிறதே. மேலே கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

கெட்டவர் இல்லை அவர். வீட்டில் நாலு பெண்கள் என்று பிறகு சொன்னார். உத்தரவை எழுதியவர்கள் பெரிய பெரிய இயந்திர நிலையங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். எங்களைப் போன்ற மணல் தொட்டிகள் அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. அதை அவரும் புரிந்துகொண்டார். ஆனால் புரிந்துகொண்டதற்குக் கையெழுத்துப் போட முடியாதே.

மூன்று பேரும் தெளிநீர்க் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தோம். அக்கா ஹிந்தியில் அவரிடம் கேட்டாள்: "சாப், வீட்டுக்குப் போற தண்ணி எங்கேர்ந்து புறப்படுது?"

"இங்கிருந்து" என்றார் அவர், கிணற்றைக் காட்டி.

"அப்போ வீட்டுக் குழாய்க்குள்ள தண்ணி நுழையுற எடமும் இதானே?"

அவர் அவளைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார். எழுந்து கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். விநியோகக் குழாய் தொடங்கும் வாயைக் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நிதானமாக எழுதினார்: குடியிருப்பின் விநியோக நிலையம் தெளிநீர்க் கிணற்றில் தொடங்குகிறது, அதனுள் தண்ணீர் நுழையும் இடத்தில் மருந்து சேர்க்கப்படுகிறது, உத்தரவு பின்பற்றப்படுகிறது. இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, கிணற்றில் 'நுழைவாய்' என்று ஒரு போர்டு எழுதி வைத்துவிட்டால் நல்லது என்றார். பெயிண்ட் தொழிற்சாலையில் போர்டுக்கா பஞ்சம்? மறுநாளே சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி வைத்துவிட்டோம். தண்ணீர் வெளியே போகிற இடத்தில் நுழைவாய் என்று இருப்பதைப் பார்த்து, புதிதாக வந்தவர்கள் எல்லாம் என் படிப்பைச் சந்தேகப்பட்டார்கள்.

முதல் தொட்டி மறுபடி தேறுவதற்கு மூன்று வாரத்துக்குமேல் ஆயிற்று. மேல் மணலைச் சுரண்டிக் கழுவி, தண்ணீரை விட்டு, வடிந்ததைக் கழிவு வாய்க்காலில் ஓடவிட்டுக் காத்திருந்தோம். அதுவரை ஒற்றைத் தொட்டித் தண்ணீர்தான். குழாய் காலையில் மட்டும் வந்தது. குடியிருப்பில் நான் நடந்துபோனால் காலிக் குடங்களைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். அக்கா தினமும் தொட்டி விளிம்பில் படுத்து, கையை உள்ளே விட்டு மணலைத் தொட்டுப் பார்ப்பாள். இன்னும் கரகரங்குது என்பாள். ஒரு நாள் தொட்டுவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். மணலின் மேல் மெல்லியதாக, குழந்தையின் ஈறு மாதிரி வழவழப்பு. பரிசோதனைச் சாலைக்குப் பாட்டில் அனுப்பினேன். நல்ல பதில் வந்தது. அப்புறம்தான் வால்வைத் திறந்தோம்.

பவுடர் வாசனை பற்றிய புகார் மட்டும் நிற்கவில்லை. லேசாக இருந்தாலும் மூக்குக்குத் தெரியும். அந்த மலையாள அம்மாள்தான் வழி கண்டுபிடித்தார்: பாத்திரத்தில் பிடித்து, மூடாமல் ஒரு ஜாமம் வைத்திருந்தால் வாசனை போய்விடுகிறது. அவர் சொன்னதும் எல்லாரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். நானும் ஒரு பாட்டில் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதில் காப்பி போட்டு அப்பாவிடம் கொடுத்தாள், தான் குடிக்கவில்லை. அப்பா குடித்துவிட்டு, "நன்னாத்தான் இருக்கு" என்றார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். பரிசோதனைக்கு அல்ல. கையில் திருத்திய புது உத்தரவு. மணல் தொட்டிகள் உள்ள இடங்களில் தண்ணீர் வடிந்த பிறகே மருந்து சேர்க்க வேண்டும் என்று அதில் தனியாக ஒரு பத்தி இருந்தது. தான் எழுதிய குறிப்பு மேலே போனதா, இல்லை வேறு ஊர்களிலும் இதே கூத்து நடந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் முகத்தில் ஒரு பூரிப்பு. "அந்தப் பாயீயிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டும்" என்றார்.

அக்கா இரண்டாவது தொட்டியில் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாதி முடிந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் மீதியையும் சுரண்டித் தண்ணீரை ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மணல் காய்ந்துவிடும். நான் விளிம்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

"இருக்கச் சொல்லுங்க, வாரேன்."

இன்ஸ்பெக்டர் சரி என்று, தகரக் கூரைக்குக் கீழே கவிழ்த்துப் போட்டிருந்த மணல் கூடையின்மேல் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.